வீட்டுப் பிள்ளையைப் படம் பிடித்தல்: மூக்கு, காது, பெருமிதம் குறித்த ஓர் ஆய்வு

பிளஸ் டூ முடித்த பிள்ளையைச் சொந்தக்காரர் ஒருவரே படம் பிடித்தால் அந்தப் படம் ஏன் உருப்படுவதில்லை? பல்லி விழும் பலனுக்குக்கூட நூல் செய்த சமூகம் நம்முடையது. இந்தக் கேள்வியை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருக்கிறது. அக்குறையைப் போக்கும் முதல் முயற்சி இது. ஆய்வுக்களம் திருவனந்தபுரம். ஆய்வுப்பொருள், வலியசாலைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த என் அக்கா மகள். ஆய்வாளன் தாய்மாமன். ஆய்வைத் தொடக்கம் முதல் எதிர்த்து வந்தவர் ஆய்வுப்பொருளே என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

முதலில் முன்னோர் வழக்கு. அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளைத் தனித்தனியே அழகாகப் படம் எடுப்பது ஒரு சடங்கு. அதன் வேர் 1860கள் வாக்கில் பாஸ்டன் பக்கத்துக் கல்லூரிகளில் ஜார்ஜ் வாரன் என்பவர் எடுத்த படங்களில் இருக்கிறது. கண்ணாடி நெகடிவ் வந்திருந்த காலம். ஒரு படத்துக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்பதால் மாணவர்கள் தங்களுக்குள் படங்களைப் பரிமாறிக்கொண்டு ஆல்பம் கட்டினார்கள். இன்றைய அமெரிக்கப் பிள்ளை மரத்தில் சாய்ந்து நிற்கிறது. நம் பிள்ளைக்கு மரம் கிடையாது, காதுதான். நீட் விண்ணப்பத்தின் விதி அப்படி: பின்னணி வெள்ளை, படத்தில் முகம் 80 சதவீதம், இரண்டு காதும் தெரிய வேண்டும், கோப்பு 10 கேபிக்குக் குறையாமல் 200 கேபிக்கு மிகாமல் இருக்க வேண்டும். பதினேழு வருடம் வளர்த்த பிள்ளையை 200 கேபிக்குள் அடக்கச் சொல்வது பற்றி எனக்குக் கருத்து உண்டு, இங்கே வேண்டாம்.

காது விஷயத்தில் தேசியத் தேர்வு முகமையும் எங்கள் ஆச்சியும் ஒரே கட்சி. "மக்ளே, முடியக் காதுக்குப் பின்னால ஒதுக்கு. கம்மல் தெரியாண்டாமா?" காரணம் வேறு, முடிவு ஒன்று. இப்படி அமைவது ஆராய்ச்சியில் அபூர்வம்.

இனிப் பொழுது. கேரளத்தில் பிளஸ் டூ தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் முடிகிறது. கடைசி நாளில் சட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து சேரும் பிள்ளைக்குப் படம் எடுக்க நல்ல நாள் பார்த்தால் சித்திரை விஷு வருகிறது. புதுத்துணியும் இருக்கிறது. ஆனால் திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் எட்டரைப் பாகையில் கிடக்கும் ஊர். ஏப்ரல் நடுவில் பகல் பன்னிரண்டரை வாக்கில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். எந்த அழகிக்கும் அந்த வெளிச்சத்தில் மீசை முளைக்கும். சரி, ஓணத்துக்குக் கசவுப் புடவையில் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால், சூரியன் அதே உச்சிக்குத் திரும்பி வரும் காலம் ஆகஸ்ட் கடைசி! ஓணமும் அதை ஒட்டித்தான் வருகிறது. இந்த ஊரின் இரண்டு புதுத்துணிக் காலங்களும் படமெடுக்க ஆகாத இரண்டு உச்சிகளை ஒட்டி அமைந்திருப்பது இந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு. காலையில் ஏழு மணிக்கு எடுக்கலாமே என்பீர்கள். பரீட்சை முடிந்த பிள்ளையைக் காலை ஏழு மணிக்கு எழுப்பிய குடும்பம் எதுவும் எனக்குத் தெரியாது.

நிலத்துக்குக் குறைவில்லை. கனகக்குன்றில் நல்ல மரமெல்லாம் கல்யாண ஜோடிகளின் படப்பிடிப்புக்குப் போய்விடும். பக்கத்தில் 1880இல் கட்டி முடித்த நேப்பியர் மியூசியம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம்தான் இதையும் கட்டினார். அந்தக் கட்டடத்தின் சுவருக்கு முன்னால் எந்தச் சுடிதாரும் எடுபடாது. சங்குமுகத்தில் கானாயி குஞ்ஞிராமன் வடித்த கடற்கன்னிச் சிலை சாகரகன்யகா படுத்திருக்கிறாள், நீளம் 87 அடி. அவள் உடை குறித்து ஆச்சிக்கு ஆட்சேபம் இருந்ததால் அந்தப் பின்னணி கைவிடப்பட்டது.

அடுத்து மூக்கு. சொந்தக்காரர்கள் பாசத்தினால் கிட்டப் போய்ப் படம் எடுப்பார்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே ஏறக்குறைய 12 செ.மீ. ஆழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனை மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மூக்கு, காதைவிட 40 சதவீதம் பெரிதாகப் பதியும். இரண்டு மீட்டர் விலகினால் அந்த வித்தியாசம் 6 சதவீதம்தான். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, தூரம்தான் இங்கே எல்லாம். பாசம் கூடக் கூட மூக்கும் பெருக்கும் என்று இதை ஒரு விதியாக எழுதிவைக்கலாம். தள்ளி நின்று ஜூம் செய்தால் மூக்கு தப்பிக்கும்.

ஆனால் மூக்கு தப்பினாலும் படம் தப்பவில்லை. இங்கேதான் தொல்காப்பியத்திடம் போக வேண்டியிருக்கிறது. மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம் என்பது அதன் கணக்கு. நகை பிறக்கும் காரணங்களில் எள்ளலும் ஒன்று. தாய்மாமன் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு "தாடையக் கொஞ்சம் தாழ்த்து" என்றதும் ஆய்வுப்பொருளின் முகத்தில் பிறந்தது அந்த நகைதான். கொஞ்ச நேரத்தில் அது வெகுளியானது. "மாமா, மதி." போதும் என்று பொருள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் தொடங்கும் கோபம் மலையாளத்தில் முடியும்.

வரவேண்டியது எது? பெருமிதம். அது பிறக்கத் தொல்காப்பியம் சொல்லும் நான்கு காரணங்களில் முதலில் நிற்பது கல்வி. பன்னிரண்டு வருடம் படித்து முடித்த பிள்ளையின் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான மெய்ப்பாடு கிடையாது. ஆனால் தன் சளியைத் துடைத்தவன் முன்னால், சைக்கிளிலிருந்து விழுந்து அழுததைப் பார்த்தவன் முன்னால் ஒருத்தி எப்படிப் பெருமிதம் காட்டுவாள்? வளர்ந்த முகத்தை அவள் காட்டினாலும் அவன் கண் பழைய முகத்தையே தேடும். அது அவளுக்கும் தெரியும். அவள் தோழிகள் போனில் எடுத்த படங்கள் வெயில், நிழல், மூக்கு ஆகிய எல்லாப் பிழைகளோடும் நன்றாக இருப்பதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ரவிவர்மா தப்பித்தாரா என்று பார்த்தேன். கிளிமானூர்க்காரர், முகம் வரைவதில் மன்னர். 1893இல் தம் மகள் மகாபிரபாவைக் குழந்தையோடு வரைந்த ஓவியத்தில் மகள் நம்மைப் பார்ப்பதில்லை, அப்பாவையும் பார்ப்பதில்லை. குழந்தையின் தகப்பன் வரும் திசையைப் பார்த்து நிற்கிறாள். காலடியில் நாய்வேறு. அவருக்கே அந்தக் கதி.

அந்நியர் கை நல்ல கை என்பதே முடிவு. இந்த ஊரில் அதற்குப் பரம்பரையும் உண்டு: ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனின் தந்தை சிவன், 'செம்மீன்' படத்துக்கு நிழற்படங்கள் எடுத்தவர், 1959இல் ஸ்டுடியோ திறந்த நகரம் இது. ஆகவே, தாய்மாமன்மாரே, சித்தப்பாக்களே, பிள்ளையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போங்கள். காசைக் கொடுத்துவிட்டு வெளியே நில்லுங்கள். திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்க்காதீர்கள். படம் கைக்கு வந்ததும் இரண்டு காதும் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்; நீட்டுக்கும் ஆச்சிக்கும் அது போதும்.