நீளம் யாருக்கு, கூட்டம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவின் டாலஸ் நகரில் இலகு ரயில் சுமார் 150 கி.மீ. ஓடுகிறதாம். ஹூஸ்டனில் 36 கி.மீ. சொச்சம்தானாம். அப்படியானால் டாலஸ்காரர்கள்தானே பெரிய ரயில் பிரியர்கள்?

பதில்: தண்டவாளப் பிரியர்கள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்! ஒரு கி.மீட்டருக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்தால் ஹூஸ்டன் இரண்டு மடங்குக்கும் மேல்.

1996இல் ரயில் விட ஆரம்பித்த டாலஸ், பழைய சரக்குப் பாதைகளைப் பெரும்பாலும் வளைத்துப்போட்டது. செலவு குறைவு, நீளம் தாராளம். ஆனால் சரக்கு ரயில் கிடங்குகளைத் தேடிப் போகும், மனிதர்களை அல்ல. புறநகர் ஸ்டேஷன் பலவற்றில் இறங்கினால் எதிரே கார் நிறுத்துமிடம்தான். ஸ்டேஷன்வரை காரில் வந்தவர் அப்படியே ஆபீசுக்கும் போய்விட மாட்டாரா என்ன?

ஹூஸ்டன் 2004 ஜனவரி 1 அன்று திறந்த முதல் பாதை வெறும் 12 கி.மீ. நகர மையம், அருங்காட்சியகங்கள், டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் என்ற ஆஸ்பத்திரிக் கடல், ஸ்டேடியம் எல்லாம் அதற்குள்ளேயே. நடுத்தெருவில் ஓடியதால் ஆரம்பத்தில் கார்கள் அடிக்கடி வந்து முட்டின. (ஆள் இருக்கும் இடத்தில்தானே முட்டவும் முடியும்!)

பழைய தடத்தில் புது ரயில் விட்டதில் லாஸ் ஏஞ்சலஸ் கதை தனி ரகம். லாங் பீச்சுக்கு ஓடிய மின்ரயிலை 1961இல் மூட்டை கட்டிவிட்டு, பெரும்பாலும் அதே தடத்தில் 1990இல் கோடிகளைக் கொட்டி மறுபடி விட்டார்கள்.