அடித்துவிட ஒரு பேனா இருந்தது

1989 ஜனவரி 21-ல் தமிழகத்தில் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு வந்த முதல் தேர்தல். திமுக, அதிமுகவின் இரண்டு அணிகள், காங்கிரஸ் என்று நான்குமுனைப் போட்டி. எனக்கு அப்போது வயது 19. ஓட்டுரிமைக்கு 21 ஆக வேண்டும். அதை 18 ஆகக் குறைத்த அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது அந்த வருஷம் மார்ச் கடைசியில்தான். ஓட்டு இல்லாத நான், எங்கள் தெருவின் ஓட்டுகளுக்கெல்லாம் பூத் சிலிப் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. சேரன்மகாதேவி அன்று ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயர். 2008 மறுவரையறையில் அந்தத் தொகுதியே இல்லாமல் போயிற்று. கட்சிக்காரர் ஒருவர் வீட்டுத் தார்சாவில் பாய் விரித்து நாலைந்து பேர் உட்காருவோம். நடுவில் அச்சடித்த வாக்காளர் பட்டியல். கதவு எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஆணா பெண்ணா, வயது. இவ்வளவுதான் சர்க்கார் எங்கள் தெருவைப் பற்றி அச்சில் சொன்னது. புகைப்படம் கிடையாது, தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் அடையாள அட்டையைக் கொண்டுவர இன்னும் சில வருஷம் இருந்தது. பூத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் முகத்தைப் பார்த்து ‘ஆமா, இவுகதான்’ என்றால் ஓட்டு. சந்தேகம் என்றால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம்.

பட்டியலில் இல்லாததெல்லாம் கட்சி அண்ணாச்சியின் நோட்டில் இருந்தது. நாற்பது பக்க நோட்டு. இன்னார் பம்பாயில், வர மாட்டார். இன்னார் மகள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். இந்த வீட்டில் தகப்பன் ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. பெயருக்கு எதிரே நம்ம ஓட்டு, எதிர் ஓட்டு, நடு ஓட்டு என்று குறி. ஒரு பெயருக்குப் பக்கத்தில், ‘கோவித்துக்கொண்டு தாய்வீடு போயிருக்கிறாள், வருவது சந்தேகம்’ என்று எழுதியிருந்தது.

அந்த வீட்டுப் பெரியம்மைக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. சாயங்காலம் தார்சாவுக்கே வந்து நின்றுவிட்டாள்.

“ஏல, எம் மருமவ கோவிச்சுட்டுப் போனது ஒங்கட்சிக்கு எதுக்குல? ஓட்டுக்கு வருவா, வராம போவா. அதை மொதல்ல அடி.”

அண்ணாச்சி எழுந்து நின்றார். மறுபேச்சுப் பேசவில்லை. அவள் முன்னாலேயே நோட்டை விரித்து, பேனாவால் அந்த வரியைக் கறுப்பாக அடித்தார். “அடிச்சாச்சு பெரியம்ம, பாத்துக்கிடுங்க.” பெரியம்மைக்கு எழுத்து தெரியாது. பக்கத்திலிருந்த என்னைப் பார்த்து, “அடிச்சிட்டானாய்யா?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போனாள்.

இன்றைய தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தும் உரிமை, அழிக்கும் உரிமை என்று இரண்டு உரிமைகளைப் பிரிவு 12-ல் எழுதியிருக்கிறது. அவை இரண்டையும் ஒரே சாயங்காலத்தில், வக்கீல் இல்லாமல், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் எங்கள் தெருவில் வாங்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சியின் வீடு எது என்று அவளுக்குத் தெரியும். அவர் கடன் யாரிடம், அவர் தங்கச்சிக்கு வரன் ஏன் தட்டிப்போகிறது என்பதும் தெரியும். அவர் எங்களை அறிந்த அளவு நாங்களும் அவரை அறிந்திருந்தோம்.

அந்த நோட்டைக் கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. அதில் சாதிக்கு ஒரு கட்டம் இல்லாததற்குக் காரணம், தெருப் பெயரே போதும் என்பதுதான். எங்கள் பள்ளத்தாக்கில் பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தெருவும் சாதியும் பிரியாமல்தான் கிடக்கின்றன. எந்தத் தெரு எந்தப் பக்கம் போட்டது என்று தெரிந்தால் மறுநாள் வயல் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்பது வரை அது பேசும். வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. மிரட்டலும் பழிவாங்கலும் நடக்கலாம் என்று தேர்தல் ஆணையம் கருதினால், எல்லாப் பெட்டிகளின் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்த பிறகே எண்ணச் சொல்லலாம். தேர்தல் நடத்தை விதி 59ஏ இதைத்தான் சொல்கிறது. 2001 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்க மின்னணு எந்திரம் வந்தது. எந்திரம் பூத் பூத்தாக எண் சொல்கிறது. படிவம் 20 என்ற பெயரில் அது வெளியாகிறது. பல எந்திரங்களின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒப்பவில்லை. ஆயிரம் பேர் சுமாருக்கு ஒரு பூத். எங்கள் ஊரில் அது மூன்று நான்கு தெரு. தெருவின் மனசு இன்று எல்லாக் கட்சி அலுவலகத்திலும் அட்டவணையாக இருக்கிறது.

அதன் மேல் இன்னும் பல அடுக்குகள் ஏறிவிட்டன. வாக்காளர் பட்டியலைச் சட்டப்படியே அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். 2018 முதல் ஆணையம் அதைத் தேட முடியாத படக்கோப்பாகத்தான் தருகிறது. காரணம், வாக்காளரின் அந்தரங்கம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இன்று எந்தக் கணினியிலும் ஓடும். அதோடு தொலைபேசி எண் சேர்ந்துவிட்டால் அண்ணாச்சியின் நோட்டு கனவிலும் காணாத ஏடு ஒன்று தயார்.

அந்த எண்ணுக்காகத்தான் இத்தனை பாடும். 2021-ல் புதுச்சேரியில் பாஜக வாக்காளர்களுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பியது. ஆதாரோடு இணைத்த எண்களுக்கே அவை வந்ததாகச் சொல்லி இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அமர்வு, ஆதார் ஆணையம் இதை விசாரிக்க வேண்டும் என்றது. 2025 ஜூலையில் திமுக ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்று வீடு வீடாக உறுப்பினர் சேர்க்கையைத் தொடங்கியது. எண்ணைச் சொன்னால் ஓடிபி வரும். அதைச் சொன்னால் சேர்க்கை முடிந்தது. ஆதார் விவரமும் கேட்கிறார்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு. ஆதார் வாங்கவில்லை என்றது கட்சி. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், ஏ.டி. மரிய கிளீட் அமர்வு ஜூலை 21 அன்று ஓடிபி அனுப்புவதற்கு இடைக்காலத் தடை போட்டது. கட்சி உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 4-ல் அங்கேயும் தடையில் தலையிட மறுத்துவிட்டார்கள். ஒன்று மத்தியில் ஆளும் கட்சி, மற்றது அப்போது மாநிலத்தில் ஆண்ட கட்சி. இரண்டும் மேடையில் ஒன்றையொன்று விடாமல் திட்டுகிறவை. எங்கள் தொலைபேசி எண் விஷயத்தில் மட்டும் இருவரையும் நீதிமன்றம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 தேர்தலுக்கு முன் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ என்று திமுகவினர் ஊர் ஊராக மனு வாங்கினார்கள். ஆட்சிக்கு வந்ததும் அந்த மனுக்களைத் தீர்க்கத் தனித் துறை அமைத்து, எங்கள் மாவட்டத்தில் கலெக்டராக இருந்து நல்ல பெயர் எடுத்த ஷில்பா பிரபாகர் சதீஷைச் சிறப்பு அதிகாரியாகப் போட்டார்கள். பட்டாவும் முதியோர் பென்ஷனும் கிடைத்தவர்கள் உண்டு, அது நல்ல காரியம். ஆனால் கட்சிக்கு எழுதிக் கொடுத்த கஷ்டம் அரசுக்கோப்பாக மாறிய அந்த வழியில் எதிர்த்திசையிலும் வண்டி ஓடலாமே என்ற பயம் எனக்கு அன்றே வந்தது. ரேஷன் கார்டு, மகளிர் உரிமைத்தொகை, பென்ஷன் என்று அரசு வைத்திருக்கும் விவரம் கட்சிச் செயலிக்குள் போகாமல் நடுவில் நிற்கும் சுவர் எது? எழுத்தில் எங்கே இருக்கிறது?

போன வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு பையன் வந்தான். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். எல்லாக் கட்சியிலும் அவன் இருக்கிறான். நல்ல பையன், டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவன். செல்போனைப் பார்த்துக்கொண்டே, “மதினி பேரு இதுதான, மக பெங்களூர்லதான இருக்கு?” என்று கேட்டான். என் மனைவி திடுக்கிட்டுப் போனாள்.

“இது ஒனக்கு யாருப்பா சொன்னா?”

“ஆப்புல வருது மதினி.”

“மக வெவரத்தை அதுலேர்ந்து எடுத்துரு.”

அவன் உண்மையாகவே தேடிப் பார்த்தான். விரலால் மேலும் கீழும் தள்ளினான். “எங்கையில அழிக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. மேல கேக்கணும்.” மேலே என்றால் யார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சென்னையா, ஹைதராபாத்தா, கட்சி ஆளா, கூலிக்கு அமர்த்திய கம்பெனியா என்பதும் தெரியவில்லை. தெருவில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வளர்ந்த பிள்ளை, தன் கையிலிருக்கும் என் மகள் பெயரை அடிக்க முடியாமல் நின்றான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனையும் சேர்த்தல்லவா இப்படி ஆக்கிவைத்திருக்கிறார்கள் என்றுதான் வந்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள், புட்டசாமி வழக்கில். அடுத்த வருஷமே கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது, 8.7 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் விவரம் அரசியல் வியாபாரத்துக்குப் போனதை உலகம் பார்த்தது. ஐரோப்பியச் சட்டத்தில் ஒருவரின் அரசியல் கருத்து தனிக் காவல் உள்ள விவரம். நம் 2019 மசோதாவிலும் அரசியல் நம்பிக்கையை அப்படி வகைப்படுத்தியிருந்தார்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. இந்தச் சட்டத்தில் கட்சிகளுக்கென்று விலக்கும் இல்லை, தனிப் பொறுப்பும் இல்லை. சட்டக் கடமையால் பொதுவில் வெளியிட்ட விவரத்துக்குச் சட்டம் பொருந்தாது என்கிறது பிரிவு 3. வாக்காளர் பட்டியல் அப்படி வெளியாவதுதான். சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. சம்மதம், அழிப்பு, 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற முக்கியப் பகுதிகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வரும். 2026 சட்டமன்றத் தேர்தல் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆனால் இதே சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் காத்திருக்கவில்லை. தனிநபர் விவரம் என்று காட்டித் தகவலை மறுக்க இடம் கொடுக்கும்படி தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவு, அந்த நவம்பரிலேயே அமலாகிவிட்டது.

கட்சிகளைப் பற்றி நாம் கேட்டால்? ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2013 ஜூன் 3-ல் மத்தியத் தகவல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கட்சியும் அதற்குக் கட்டுப்படவில்லை. தேர்தல் பத்திர வழக்கில், கோடி கோடியாய்க் கொடுத்தவர்களின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2024 பிப்ரவரி 15-ல் நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்ததால் தப்பித்தோம். பணம் கொடுத்தவருக்குக் கேட்ட மறைப்பை, ஓட்டுக் கொடுக்கிற என் மனைவிக்கு எந்தக் கட்சியும் கேட்டதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் வந்தது. பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர், செல்போன் எண், விருப்பமிருந்தால் ஆதார் எண். கட்சிகளின் பூத் ஏஜென்டுகள் நாளுக்கு ஐம்பது படிவம் வரை வாங்கிச் சேர்க்கலாம் என்று ஆணையமே அனுமதித்தது. அவர்கள் அலைந்திராவிட்டால் எங்கள் ஊர்க் கிழவிகள் பலர் பட்டியலில் இருந்திருக்க மாட்டார்கள்; டிசம்பர் வரைவில் மாநிலம் முழுக்க 97 லட்சம் பெயருக்கு மேல் விடுபட்டது. அந்த உதவிக்கு நன்றி. ஆனால் ஒரு படிவம் ஏஜென்ட் வீட்டில் ஓர் இரவு இருந்தால் அதைப் படம் பிடிக்க எத்தனை விநாடி வேண்டும்? பிடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கக்கூடாது என்று ஏஜென்டிடம் எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்கிறேன்.

இந்தத் தை மாதம் எங்கள் தெரு மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினேன். ஓடிபி சொல்லாமல் இருந்தால் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமா என்றுதான் முதலில் கேட்டார்கள். எந்தக் கட்சியில் சேர்வதற்கும் சேராததற்கும் உரிமைத்தொகைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி முடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு ஒரு மனு எழுதினோம். எல்லாக் கட்சிகளின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரே வாசகம். எங்கள் வீட்டு விவரம் என்னென்ன வைத்திருக்கிறீர்கள், எங்கிருந்து வாங்கினீர்கள், வேறு யாரிடம் கொடுத்தீர்கள், அழிக்கச் சொன்னால் எங்கள் ஊரில் யார் அழிப்பார், அவர் பெயரை எழுதித் தாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், கீழே செல்போன் எண் எழுத வேண்டுமா என்று ஒரு மதினி கேட்டாள். வேண்டாம், பதிலைத் தபாலில் அனுப்பச் சொல்லுவோம் என்று முடிவாயிற்று.