தட்டுதலும் வடிதலும்: ஒரு டம்ளர் காப்பி குறித்த பன்முக ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

காப்பியை ஆராய்ந்தவர் பலர். ஒரு டம்ளர் காப்பியை ஆராய்ந்தவர் எவரும் இலர். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1839இல் காப்பி, தேநீர், புகையிலை முதலானவை மனிதனைப் படுத்தும் பாட்டைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதினார். தமிழில் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ 2000இல் நூலாக வந்தது. அந்தக் காலத்தில் காப்பி இல்லாததற்கு ஒரு நூலே இருக்க, இந்தக் காலத்தில், குறிப்பாக இந்த மாதம் 3ஆம் தேதி காலை ஆறு மணிக்கு, என் வீட்டில் காப்பி இல்லாததற்கு ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

சிக்கலின் தோற்றம் வருமாறு: என் மனைவி பெங்களூரில் மகள் வீட்டுக்கு 21 நாள் போனார். வீட்டில் இருந்தது எட்டுப் பேருக்கு டிக்காஷன் இறக்கும் பெரிய ஃபில்டர். வீட்டில் இருந்தவன் ஒருவன். இவ்விரண்டுக்கும் இடையிலான முரணே ஆய்வுக் களம். ஆய்வாளன், தகவலாளி, பரிசோதனை எலி ஆகிய மூவரும் நானே. நெறியாளர் என் மனைவி. ஊரில் இல்லாத நெறியாளர் என்ற அளவில் இவ்வாய்வு பல்கலைக்கழக மரபை அப்படியே பின்பற்றுகிறது.

கருதுகோள்: காப்பிப் பொடி, வெந்நீர், பால், சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்தால் காப்பி வரும்.

கருதுகோளின் இன்றைய நிலை: நிறுவப்படவில்லை.

2. ஆய்வு எல்லை

கீழ்க்காண்பவை எல்லைக்கு வெளியே.

2.1 உடனடிக் காப்பி: நெஸ்கஃபே 1938இலேயே வந்துவிட்டது. இதற்குமேல் இதுபற்றிச் சொல்வதற்கில்லை.

2.2 தாள் வடிகட்டி: ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி 1908இல் மகனின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்துக் காப்பி வடிகட்டிக் காப்புரிமையும் வாங்கினார். என் மகளின் நோட்டுகள் எப்போதோ எடைக்குப் போயாயிற்று.

2.3 மோக்கா பாத்திரம்: இத்தாலியின் பியாலெட்டி, 1933. அலுமினியம். நெறியாளர் அலுமினியத்தை வீட்டுக்குள் விடுவதில்லை.

2.4 ஏரோபிரஸ்: ஆலன் ஆட்லர், 2005. அதற்குமுன் அவர் வெகுதூரம் பறக்கும் எறிவட்டு செய்து பெயர் வாங்கியவர். என் ஃபில்டரும் ஒருமுறை பறந்தது (பார்க்க: 5.3).

2.5 தெருமுனை ஓட்டல்: நாள் 2, 3, 4 ஆகியவற்றில் களப்பணியின் பொருட்டுச் செல்ல நேர்ந்தது.

3. சொல்லாய்வு

காப்பி, காபி, காஃபி என்று மூன்று பாடங்கள் உண்டு. தனித்தமிழ் அன்பர்கள் குளம்பி என்பர். கொட்டை குளம்பு வடிவில் இருப்பதால் அப்பெயர். குளம்பு யாருடையது என்பதில் தெளிவில்லை. கொட்டை வடிநீர் என்பாரும் உளர். ‘ஒரு குளம்பி கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக் குடித்தவரை இன்னும் நேரில் பார்க்கவில்லை. கேட்டு நின்றவரைப் பார்த்திருக்கிறேன்.

‘டிகிரி காப்பி’யில் டிகிரி எங்கிருந்து வந்தது என்பது பற்றி மூன்று கட்சிகள். பாலின் தரத்தை லாக்டோமீட்டரில் பார்த்துச் சொன்ன டிகிரி என்பது முதற்கட்சி. சிக்கரி என்ற சொல் வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆயிற்று என்பது இரண்டாவது. முதலில் இறங்கும் டிக்காஷன் முதல் டிகிரி என்பது மூன்றாவது. பதிவுக் கட்டணம் கட்டி நான் போயிருந்த ஒரு கருத்தரங்கில் ஒருவர் இம்மூன்றையும் நாற்பது நிமிடம் அலசி, மூன்றுமே ஆய்வுக்குரியவை என்று முடித்தார். பிறகு எல்லோருக்கும் பிளாஸ்கில் இருந்து ஏதோ ஒன்று ஊற்றினார்கள். ‘ஐயா, இது எந்த டிகிரி?’ என்று அவரிடம் கேட்டேன். ‘முனைவர்’ என்றார்.

4. தரவுகள்

4.1 தர நிர்ணயம்

ஒரு கோப்பை பானம் போடுவதை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மட்டும் தோன்றியதன்று. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் தேநீர் போடும் முறையை ஆறு பக்கத்தில் பிஎஸ் 6008 என்ற விதியாக வெளியிட்டது. 1980இல் வந்த உலகத் தரமான ஐஎஸ்ஓ 3103இன்படி 100 மில்லி நீருக்கு 2 கிராம் தூள். ஊறும் நேரம் 6 நிமிடம். பிஎஸ் 6008க்கு 1999இல் நோபல் பரிசே கிடைத்தது. சிரிப்பதற்காகத் தரப்படும் இக் நோபல்தான். ஆனால் இலக்கியப் பிரிவில் என்பது கவனத்துக்குரியது. ஆறு பக்கத்தில் இலக்கியப் பரிசு வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்?

காப்பியைப் பொறுத்தவரை, பொடியின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை நீரில் கரைந்து வந்தால் நல்லது. அதற்குமேல் போனால் கசப்பு. 1950களில் அமெரிக்க வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் வகுத்த கணக்கு இது. லிட்டருக்கு 55 கிராம் பொடி என்பது மேல்நாட்டார் அளவு. நம் வீடுகளில் ஒரு டம்ளருக்கு 15 கிராம் பொடி, 75 மில்லி வெந்நீர். லிட்டர் கணக்கில் 200 கிராம். அவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். அந்த 75 மில்லியில் 30 மில்லியைப் பொடியே குடித்துவிடும். மீதி 45 மில்லிதான் டிக்காஷன். பொடிக்கு முதல் டம்ளர், நமக்கு அடுத்தது என்ற விருந்தோம்பல் இதில் அடங்கியிருக்கிறது.

4.2 சிக்கரி

வறுத்த வேர். காஃபின் கிடையாது. கலவையில் 49 விழுக்காடு வரை சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. காப்பி எந்நிலையிலும் பெரும்பான்மை இழந்துவிடக் கூடாது என்பதில் அரசு காட்டும் அக்கறை வேறு சில அவைகளிலும் பின்பற்றத்தக்கது.

4.3 மூலபாடம்

எங்கள் குடும்பத்தில் கிடைக்கும் ஒரே எழுத்துச் சான்று அத்தையின் கைப்பிரதி (அத்தை, மளிகைப் பட்டியலின் பின்புறம், பென்சில், தேதியில்லை). இதன் மூன்றாம் வரி மஞ்சள் கறையால் சிதைந்துள்ளது. ‘கொதிக்கிற தண்ணீர்’ என்றும் ‘கொதிக்காத தண்ணீர்’ என்றும் படிக்க இடமுண்டு. முதற்பாடத்தை ஏற்றால் பொடி வெந்து கசக்கும். இரண்டாவதை ஏற்றால் பச்சைத் தண்ணீர் என்றாகிவிடும். ‘கொதிச்சு அடங்கின’ என்று திருத்திக்கொள்வது பொருந்தும் என்பது என் துணிபு. அத்தை இன்றும் நலமாக இருக்கிறார். ஒரு போன் செய்தால் சொல்லிவிடுவார். ஆசிரியரையே கேட்டுவிட்டால் பதிப்பாசிரியருக்கு என்ன வேலை?

5. தட்டுதல் இயல்

5.1 தோற்றுவாய்

முதல் நாள் 15 கிராம் பொடியைப் பெரிய ஃபில்டரில் போட்டுப் பரப்பினேன். எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டில் அது ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட நிற்கவில்லை (ஸ்கேல், மகளுடையது, பத்தாம் வகுப்பு). ஊற்றிய வெந்நீர் பொடியோடு இரண்டு வார்த்தை பேசாமல் கீழே போய்விட்டது. டிக்காஷன் என்ற பெயரில் இறங்கியது கருப்பட்டி கழுவிய தண்ணீர்.

எனவே ஐந்தாம் நாள் கடைக்காரரிடம் பொடியை இன்னும் நைசாக அரைக்கச் சொன்னேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார் (கடைக்காரர், பார்வை, உரை இல்லை). அதைப் போட்டு ஃபில்டரின் குடையை வைத்து உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். இப்போது தண்ணீர் மேலேயே நின்றது. ஆறு மணிக்கு ஊற்றியது ஏழேகாலுக்கு ஒன்பது சொட்டு. இங்கேதான் தட்டுதல் பிறக்கிறது.

5.2 நூற்பாவும் உரையும்

பொடிகுறை காலைப் பெருங்கலம் தவிர்க்க;
வடியா தாயின் தட்டலும் தகுமே.

(நூற்பா இல்லாத இயலுக்கு உரை எழுத முடியாது என்பதால் நேற்றிரவு நானே இயற்றியது.) ‘காலை’ என்றது பொழுதுக்கும் ஆம், சமயத்துக்கும் ஆம். ‘தட்டலும்’ என்பதில் உம்மை எச்ச உம்மை; ஆகவே திட்டலும் தகும் என்பது பெறப்பட்டது. தகுமே என்ற ஏகாரம் தேற்றம். பக்கத்து வீட்டார் அதை வினா என்பர், அது பொருந்தாது.

5.3 மூவகைத் தட்டு

தட்டுவோர் மூவகையினர். ஃபில்டரின் மூடியைக் கரண்டியால் தட்டுவோர் மேல்தட்டினர். கீழ்ப் பாத்திரத்தோடு சேர்த்துத் தூக்கி மேடையில் இடிப்போர் அடித்தட்டினர். இரு பாத்திரமும் சேரும் இடத்தில் விரலால் சுண்டுவோர் நடுத்தட்டினர். மேல்தட்டு தட்டினால் சத்தம் வரும், வேறொன்றும் வராது. அடித்தட்டு இடித்தால் எல்லாம் ஒருமுறை அதிரும். பிறகு பழையபடி நின்றுவிடும். எப்போதும்போல நடுத்தட்டுக்குத்தான் கை சுடும். சமூகவியலார் இதைத் தங்கள் துறைக்கு எடுத்துச் செல்வதில் ஆட்சேபமில்லை. ஏற்கெனவே எடுத்துச் சென்றுவிட்டதாகவே தெரிகிறது.

எட்டாம் நாள் அடித்தட்டு முறையில் இடித்தபோது மேல் பாத்திரம் கழன்று பறந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் விழுந்தது. பறந்த தொலைவு நான்கடி. பொடி இன்னும் அங்கே இருக்கிறது. களச் சான்றைக் கலைக்க மனமில்லை.

5.4 எத்தனை தட்டு?

மூன்று என்பது எதிர்வீட்டு மாமாவின் கட்சி (எதிர்வீட்டு மாமா, திண்ணைச் சொற்பொழிவு, நாள் 9). ஐந்து என்பதும் அவர் கட்சியே (மேலது, திருத்திய பதிப்பு, நாள் 11, முந்தைய பதிப்பை நினைவூட்டியபோது ‘அது பித்தளைக்கு’ என்றார்). ஏழு என்பது என் முடிபு. ஏமனிலிருந்து பாபா புதன் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர்ப் பக்கம் சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. ஏழு விதை, ஏழு தட்டு: இது தற்செயல்தானா? இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடை சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போவது நம் ஆய்வுலகில் ஏற்கப்பட்ட நெறி.

பன்னிரண்டாம் நாள் காலை 5.50க்கு நான் ஏழு தட்டியதும் மறுபுறச் சுவரிலிருந்து இரண்டு தட்டு வந்தது (பக்கத்து வீட்டார், மறுப்புரை, சுவர் வழி, கையெழுத்தில்லை). மறுநாள் நான்கு (மேலது, விரிவாக்கப்பட்டது). பதினான்காம் நாள் அவரே நேரில் வந்து ஒரு நீண்ட விமரிசனம் வைத்தார் (மேலது, வாசற்படி, லுங்கியில், 5.56 முதல் 6.10 வரை, ‘குழந்தை’ என்ற சொல் ஆறு இடங்களில், ‘மனுஷன்’ நான்கு இடங்களில், வெளியிடத் தகாத சொல் ஓரிடத்தில், அதுவும் முணுமுணுப்பாக, பாடம் தெளிவில்லை). என் ஆய்வு இத்தனை விரைவாகக் கவனம் பெற்றது மகிழ்ச்சிக்குரியது.

5.5 ஒரு மாற்றுக் கருத்து

பால்காரர் மட்டும், ‘கொஞ்சம் தூக்கி வைங்க சார், காத்து போகணும்ல’ என்றார் (பால்காரர், வாசல், சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி). மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுகப் பொருந்திவிட்டால் உள்ளே சிக்கும் காற்று சொட்டை இறங்கவிடாது. லேசாகத் தூக்கிவிட்டால் காற்று வெளியேறி வடியத் தொடங்கும். செய்து பார்த்தேன். வடிந்தது. அப்படியானால் தட்டும்போது வடிந்ததும் தட்டலால் அன்று, தட்டியதில் விலகிய இடுக்கினால் என்றாகிறது. இதை ஒப்புக்கொண்டால் இவ்வியல் முழுவதையும் ‘தூக்குதல் இயல்’ என்று மாற்ற வேண்டிவரும். பதிவுசெய்த தலைப்பை இடையில் மாற்ற விதி இடந்தராது. எனவே பால்காரரின் கருத்து மேற்கோளாக மட்டும் கொள்ளப்பட்டது.

6. முடிவுரை

இருபதாம் நாள் இரவு நெறியாளரிடம் மேற்கண்ட இயல்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். நூற்பா வரை பொறுமையாகக் கேட்டார். உரைக்கு வந்தபோது, ‘ஏங்க, பரண்ல சின்ன ஃபில்டர் இருக்கே. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க ரூம்ல வச்சிருந்தது. அதுல போட்டுக்கலாமில்ல?’ என்றார்.

‘இத்தனை நாள் ஏன் சொல்லலே?’

‘நீங்க காப்பியப் பத்தி எங்க கேட்டீங்க? எச்ச உம்மையைப் பத்தில்ல கேட்டீங்க.’

பரணில், என் பழைய கட்டுரைக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. அகலம் ஐந்து சென்டிமீட்டர். துளைகளில் அடைந்திருந்த பழம்பொடியை அடுப்பு நெருப்பில் காட்டி எரித்துத் தட்டினேன். அதே 15 கிராம் பொடி இதில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நின்றது. குடையைச் சும்மா மேலே வைத்தேன்; கொதித்து அடங்கிய தண்ணீர் 75 மில்லி ஊற்றினேன். கால் மணி நேரத்தில் சத்தமில்லாமல் இறங்கியிருந்தது. காய்ச்சிய பால் 100 மில்லி சேர்த்து டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினேன். ஒரு டம்ளர். கூடவுமில்லை, குறையவுமில்லை. சுவரிலும் சத்தமில்லை.

எனினும் இக்கருவியை ஆய்வுக்குப் பரிந்துரைக்க இயலாது. இதில் தட்ட இடமில்லை. ஆகவே பாடபேதமில்லை, கட்சியில்லை, மறுப்புரையில்லை. கால் மணி நேரத்தில் காப்பியைக் கொடுத்துவிடும் ஒன்றை வைத்துக்கொண்டு எந்தத் துறையும் மூன்றாண்டு ஆய்வு செய்ய முடியாது.

7. மேலாய்வுக்கான களங்கள்

இரண்டு டம்ளர் காப்பி. நெறியாளர் நாளை காலை ரயிலில் வருகிறார்.