பரண் ஏறப் போற தம்பிகளுக்கு

கொடைக்கானல் கிளம்பிட்டீங்களாமே தம்பி! டீக்கடையில சொன்னாங்க. தாம்பரத்துல ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, கருக்கல்ல கொடைரோட்டுல எறங்கி, மலைக்குப் போயி, பேரிஜம் ஏரிக்குப் போற காட்டு வழியில ஃபயர் டவர்னு ஒரு எடம் இருக்குதே, அதைப் பார்க்கப் போறீங்களாம். சந்தோஷம். காலுக்கு வாங்கியிருக்கிற பூட்ஸையும் பார்த்தேன். அந்த வெலைக்கு எங்க காலத்துல ஒரு ஜோடி உழவு மாடு வந்திருக்கும். மாடு ஏரும் இழுக்கும், சாணியும் போடும். பூட்ஸ் இன்னா போடும்னு நீங்க திரும்பி வந்தப்புறம் கேட்டுக்கிறேன்.

போகாதீங்கன்னு சொல்றவன் நான் இல்லை. வயசுப் பசங்க, வாரம் பூரா கண்ணாடிக் கட்டடத்துல உட்கார்ந்து கண்ணு பூத்துப் போனவங்க, மலையைப் பார்க்கணும்னு தோணுறது நியாயம்தான். ஆனா ஏரி பார்க்க 500 கிலோமீட்டர் போறீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு. நீங்க குடியிருக்கிற அடுக்குமாடிக்குக் கீழயே ஏரி இருக்குது தம்பி! 2015 டிசம்பர்ல அது எழுந்து வந்து முடிச்சூர்லயும் வரதராஜபுரத்துலயும் வீடு வீடா விசாரிச்சுட்டுப் போச்சே, மறந்துட்டீங்களா? அன்னைக்குப் படகு விட்டாங்க, டிக்கெட் கூட வாங்கலை. பேரிஜமும் ஒரு காலத்துல சதுப்பு நிலம்தான். அணை போட்டு ஏரி ஆக்கினாங்க, பெரியகுளத்துக்காரங்க இன்னைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்கிறாங்க. நமக்கும் கடவுள் பள்ளிக்கரணையில ஒரு சதுப்பு கொடுத்தாரு. நாம அதுல குப்பையைக் கொட்டி மலை ஆக்கினோம். ஊருக்கு ஊர் தெறமை வேற வேற.

சரி, அந்தத் தீக் கோபுரத்துக்கு வருவோம். அது எதுக்குக் கட்டினதுன்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா? எங்க கொல்லையில கேழ்வரகு பால் புடிக்கிற நேரம், நாலு கழியை நட்டு மேல பரண் கட்டுவோம். ஒரு ஆள் கவணும் கையுமா அதுல உட்கார்ந்திருப்பான். காட்டுல இருக்கிற தீக் கோபுரமும் அந்தப் பரண்தான், கொஞ்சம் ஒசரம் ஜாஸ்தி, அவ்வளவுதான். பரண்ல ஏறுறது பெரிய வித்தை இல்லை தம்பி, ஆடு கூட ஏறும். ஏறினப்புறம் எறங்காம உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கணும், அதுதான் வேலை. ஒண்ணுமே நடக்காத காட்டை, வெயில்ல, நாள் பூரா. எங்கயாவது விரல் தடிமனுக்குப் புகை எழுந்தா அது பனியா, தூசியா, சோறாக்குற புகையா, காட்டுத் தீயான்னு பிரிச்சுச் சொல்லணும். நீங்க ஏறினவுடனே இன்னா பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். காட்டுக்கு முதுகைக் காட்டி நின்னு, கையை நீட்டி, உங்க மூஞ்சைப் படம் எடுப்பீங்க. பார்க்கிறதுக்குன்னே கட்டின எடத்துல போயி, பார்க்க வேண்டியதுக்குப் பின்புறத்தைக் காட்டுற சாமர்த்தியம் உங்க தலைமுறைக்குத்தான் வரும்.

புகை தெரிஞ்சாப் போதாது, எங்கன்னு சொல்லணும். ஒரே பரண்ல இருந்து பார்த்தா 'அந்தப் பக்கம்'னுதான் கை காட்டலாம். தூரம் புரியாது. ரெண்டு கோபுரத்துலருந்து ரெண்டு பேரு அதே புகையைப் பார்த்து, திசையைக் கோணத்துல சொன்னா, வரைபடத்துல ரெண்டு கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு வெட்டிக்கிற எடத்துல தீ. இந்தக் கணக்கோட அண்ணன் ஒருத்தர் நம்ம ஊர்லயே வேலை பார்த்தவருதான், அதுக்காகக் கொடைக்கானல் போக வேண்டாம். 1802-ல லாம்டன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவுல ஏழரை மைல் நீளத்துக்கு 100 அடி எஃகுச் சங்கிலியைப் போட்டுப் போட்டு அளந்தாரு. 57 நாள் ஆச்சு. அந்த ஒரு கோட்டுல இருந்து கோணம் புடிச்சு, முக்கோணம் மேல முக்கோணமா கட்டிக்கிட்டுப் போயிதான் பின்னால இமயமலை வரைக்கும் அளந்தாங்க. பரங்கிமலை மேல அவருக்கு சிலை வச்சிருக்காங்க. அதுக்குப் பக்கத்துல நின்னு நீங்க படம் எடுத்திருப்பீங்க, யாரோ சாமியாருன்னு நெனச்சுக்கிட்டு. இன்னைக்கு அதே ஏழரை மைலை வேளச்சேரி, பள்ளிக்கரணை வழியா சாயங்காலம் ஆறு மணிக்குக் கார்ல கடந்து பாருங்க, லாம்டன் வேகமாத்தான் போயிருக்காருன்னு தோணும்.

அமெரிக்காவுல இந்த மாதிரிக் கோபுரம் ஆயிரக்கணக்குல இருந்துச்சாம், பேத்தி படிச்சுக் காட்டினா. 1956-ல ஜாக் கெரோவாக்குன்னு ஒரு எழுத்தாளர், டெசலேஷன் பீக்குன்ற மலை உச்சியில 63 நாள் தன்னந்தனியா தீக் காவல் இருந்தாரு. தன்னையே தெரிஞ்சுக்கலாம்னு போனவரு. போன கொஞ்ச நாள்லயே சலிச்சுப் போயி, எப்படா கீழ எறங்குவோம்னு ஆயிட்டாரு. அதையும் புத்தகமா எழுதிட்டாரு, கெட்டிக்காரர். உங்களுக்கு 63 நிமிஷம் சிக்னல் இல்லைன்னா இன்னா ஆகும்னு நான் யோசிச்சுப் பார்க்கிறது உண்டு.

இப்ப பரண்காரன் வேலையை வானத்துல சுத்துற செயற்கைக்கோள் பார்க்குது. சூட்டை வச்சுத் தீயைக் கண்டுபுடிச்சு, இந்திய வன அளவைத் துறை மூலமா காட்டுக்காரங்க போனுக்குச் சேதி வருது. நல்ல ஏற்பாடுதான். ஆனா அது பார்க்கிற கட்டம் ஒவ்வொண்ணும் 375 மீட்டர். தலைக்கு மேல வர்றதும் நாளைக்குச் சில தடவைதான். நடுவுல எவனோ ஒருத்தன் பீடித் துண்டைப் போட்டா, அது திரும்பி வர்ற வரைக்கும் தீ கைகட்டிக்கிட்டுக் காத்திருக்குமா? அதனால இன்னமும் தை, மாசியில தீத்தடுப்புக் கோடு வெட்டுறதும், தீ வந்தா பச்சைக் கொப்பை ஒடிச்சு அடிச்சு அணைக்கிறதும் மனுசங்கதான். தீத்தடுப்புக் காவலர்னு பேரு. பல எடத்துல சீசனுக்கு மட்டும் எடுக்கிற தற்காலிக ஆளுங்க. உங்க பூட்ஸ் வெலையை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படும்.

இந்த எடத்துல கேலி வேண்டாம் தம்பி, கொஞ்சம் காது கொடுங்க. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்துலருந்தும் போன பசங்க, உங்க மாதிரியேதான், நல்ல படிப்பு, நல்ல வேலை. கொழுக்குமலையில இருந்து எறங்குற வழியில தீ சூழ்ந்துக்கிச்சு. 23 பேரு போயிட்டாங்க. அந்தச் சரிவுல ஆளு ஒசரத்துக்குப் போதைப்புல். காய்ஞ்சா பத்திக்கும், மிதிச்சா வழுக்கும். இன்னொண்ணு, தீ எறக்கத்துல மெதுவா வரும், ஏத்தத்துல பாயும். சூடு மேல போறதால மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர வச்சிடுது. அதனால தீயைப் பார்த்து மலை மேல ஓடுறவன் தீ போற வழியிலயே ஓடுறான். பாறை இருந்தா பாறை, ஓடை இருந்தா ஓடை, எரிஞ்சு முடிஞ்ச கருகின தரை இருந்தா அது, அங்க போயி ஒதுங்குங்க. முழுசா எரிஞ்ச எடம் மறுபடி எரியாது. இதை எந்தக் கடையிலயும் பூட்ஸோட சேர்த்துக் கொடுக்க மாட்டாங்க.

அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு அரசாங்கம் விதிமுறை போட்டுச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 வழித்தடம் தொறந்து, பழகின வழிகாட்டியைக் கூடவே அனுப்புறாங்க. வனத்துறை அனுமதி இல்லாம பேரிஜம் பக்கமும் போக முடியாது. யானை நடமாட்டம்னா வழியைச் சாத்திடுவாங்க. தீ சீசன்ல, பிப்ரவரி நடுவுலருந்து ரெண்டு மாசம், மலையேற்றத்தையே நிறுத்தி வைக்கிறதுதான் வழக்கம். உங்க கூட்டாளி ஒருத்தர் சொன்னாராம், 'செக்போஸ்டைச் சுத்திப் போக ஒரு ஷார்ட்கட் இருக்கு, ரெண்டு மாசம் யாரு காத்திருக்கிறது'ன்னு. தம்பி, நம்ம திருநீர்மலைக் கதை தெரியுமா? திருமங்கை ஆழ்வார் சேவிக்க வந்தாரு, மலையைச் சுத்தித் தண்ணி. வடியட்டும்னு ஆறு மாசம் காத்திருந்தாருன்னு சொல்லுவாங்க. ஆழ்வாருக்கே ஆறு மாசம். உங்களுக்கு ரெண்டு மாசம் கசக்குதா? அந்த ஷார்ட்கட்காரரை முன்னால நடக்க விடுங்க. யானை வந்தா அவருதான் முதல்ல பேசணும்.

காத்திருக்கிற நாள்ல சும்மா இருக்க வேண்டாம், பரண் பழகுங்க. பரங்கிமலை 300 அடிதான், படி இருக்குது, மேல மாதா கோயில். கீழ இருக்கிற பாறை சார்னோகைட்டு, உலகத்துக்கே மாதிரி இதுதான்னு புவியியல்காரங்க பலகை வச்சிருக்காங்க. இல்லைன்னா திருநீர்மலை ஏறுங்க. மேல போயி பெருமாளைச் சேவிச்சுட்டு, போனைப் பையில போட்டுட்டு ஒரு மணி நேரம் உட்காருங்க. நன்மங்கலம் காட்டுப் பக்கம் மட்டும் சொல்லாம கொள்ளாம நுழையாதீங்க. அதுவும் காப்புக் காடு. அங்க பழைய கல்குவாரியில கொம்பன் ஆந்தை குடியிருக்குது, அதுக்கும் நமக்கு மாதிரி வீட்டுப் பிரச்சினை இருக்கு.

உட்கார்ந்தா இன்னா தெரியும்னு கேட்குறீங்களா? புகை தெரியும் தம்பி. 2022 ஏப்ரல் கடைசியில பெருங்குடி குப்பைமேடு புடிச்சிக்கிச்சே, நாள் கணக்குல எரிஞ்சுதே, அப்ப யாரு கோபுரத்துல இருந்தாங்க? அந்த ஜனங்க மூக்குதான் கோபுரம். அதே வருஷம்தான் பள்ளிக்கரணைக்கு, உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்னு ராம்சார் பட்டமும் கொடுத்தாங்க. ஒரு கையில பட்டம், ஒரு கையில புகை. நீங்க போட்ட பிளாஸ்டிக் பையும் அதுல இருந்திருக்கும், நானும்தான் போட்டிருப்பேன். கொடைக்கானல் காட்டுத் தீயை 500 கிலோமீட்டர் தள்ளிப் போயித் தேடுற உங்க அக்கறையை நான் குறை சொல்லலை. வீட்டு மொட்டை மாடியில இருந்தே தெரியிற புகைக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கன்றேன்.

நல்லபடியா போயிட்டு வாங்க. அனுமதிச் சீட்டை எடுத்துக்கோங்க, தண்ணி ரெண்டு பாட்டில் கூடவே வைங்க, பாட்டிலைத் திரும்பக் கொண்டாங்க. பையில வச்சிருக்கிற சிகரெட்டு, தீப்பெட்டி, லைட்டர் எல்லாத்தையும் எடுத்து என்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. காட்டுக்கு நல்லது. எனக்கும் நேத்தே தீர்ந்துபோச்சு.