ஆமை வேகத்துக்கு அரை லட்சம்

கடைக்காரர் என்னிடம் வேகத்தைத்தான் விற்றார். "தொட்டா போதும் சார், பறக்கும்!" அப்படி அரை லட்சம் கொடுத்து வாங்கிய மடிக்கணினியில் நான் ஆட நினைத்தது, 1983-ல் வந்த 'டிக்கர்'. மண்ணைக் குடைந்து மரகதம் பொறுக்க வேண்டும், தங்க மூட்டை தலையில் விழாமல் தப்ப வேண்டும். கதையே அவ்வளவுதான். காலையில் வாட்ஸப்பில் வந்து விழும் ஒரு 'குட்மார்னிங்' ரோஜாப்பூ அந்த ஆட்டத்தைவிடக் கனமானது.

ஆனால், 64 பிட் விண்டோஸ் 'டிக்கர்' மாதிரி 16 பிட் சரக்கை வாசற்படியே ஏற விடாது. லிஃப்ட் வந்ததும் மாடிப்படியை இடித்துவிட்ட அபார்ட்மென்ட் மாதிரி.

உள்ளே விட்டாலும் லாபமில்லை. அந்த ஆட்டம் பிறந்த காலத்து ஐ.பி.எம். பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஊரில் இருப்பதெல்லாம் அதே வேகம்தானே என்று, அந்தக் காலத்தில் பலர் கடிகாரத்தைப் பார்த்து நிரல் எழுதவில்லை. பிராசசரைச் சும்மா கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். அது எண்ணி முடித்தால் நம்மைத் துரத்தும் பூதம் ஓர் அடி வைக்கும். இன்றைய பிராசசர் எண்ண ஆரம்பிப்பதும் முடிப்பதும் ஒன்றுதான். நாம் கீயை அழுத்துமுன் நமக்குப் பால் ஊற்றியாகிவிடும்.

இந்த வம்பு அப்போதே தெரிந்துதான் 'டர்போ' பட்டன் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகும் ஏ.சி. கம்ப்யூட்டர் சென்டரில், டர்போவை அழுத்தினால் ராக்கெட் வேகம் என்று நாங்கள் பயபக்தியோடு நம்பினோம். உண்மையில் அதை வைத்ததே, பழைய நிரல்களுக்காக மெஷினின் வேகத்தைக் குறைக்கத்தான்! பெயர் வைத்தவர் பிற்பாடு அரசியலுக்குப் போயிருக்க வேண்டும்.

புது மெஷினில் அந்தப் பட்டன் ஏது? பழைய ஆட்டங்களுக்காகவே 2002-ல் வந்தது 'டாஸ்பாக்ஸ்', இலவசம். பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும். கன்ட்ரோலோடு எஃப்11-ஐத் தட்டினால் வேகம் குறைய வேண்டும். தட்டினேன், திரையின் வெளிச்சம் குறைந்தது. மறுபடி தட்டினேன், இருட்டே ஆகிவிட்டது. இந்த மடிக்கணினியில் 'எஃப்என்' என்ற கீயையும் சேர்த்து அமுக்கினால்தான் எஃப்11 எஃப்11-ஆக நடந்துகொள்ளும். மூன்று விரலையும் வீணை வித்வான் மாதிரி பரப்பித் தட்டியதும், ஜன்னலின் தலைப்பில் எண் இறங்கியது: 3000, 2500, 2083... முந்நூறுக்கு அருகே வந்தபோதுதான் பூதங்கள் மனிதத்தன்மையோடு நடந்தன.

பின்னால் நின்ற அக்கா மகன் கேட்டான்: "வேகத்துக்குக் காசு கொடுத்துட்டு அதை இறக்கிக்கிட்டு இருக்கீங்களே மாமா, மெதுவானதையே வாங்கியிருந்தா விலை கம்மிதானே?"

"கடையில அது இல்லடா" என்றேன். பொய் இல்லை.

அவன் இந்தச் சேதியைப் பாதி மட்டும் ஊருக்குச் சொல்லியிருக்கிறான் போல. கீழ்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் ஸ்பீடை எல்லாம் மாத்துவீங்களாமே? இது ஆன் ஆகறதுக்குள்ள காபி ஆறிடுது."

மாற்றுவேன்தான், ஆனால் நான் கற்றது இறக்கும் வித்தை மட்டும். அவருடையது ஏற்கெனவே 'டிக்கர்' ஆடத் தயாரான நிலையில் இருந்தது.