நடுத்தரக் காவற்கப்பலின் இலக்கணம்

கடலோரக் காவற்படைக் கப்பல்களை நீளத்தை வைத்து வகை பிரிப்பது வழக்கம். ஏறக்குறைய 65 மீட்டரிலிருந்து 105 மீட்டர் வரை, ஆயிரம் டன்னிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் டன் வரை இருந்தால் நடுத்தரம் என்பார்கள். இந்த அளவு கப்பல் கட்டுகிறவருக்குப் போதும், கடலைப் புரிந்துகொள்ளப் போதாது. கேட்கவேண்டியவை இரண்டு கேள்விகள். காற்று எழுந்து கடல் புரண்டால் இந்தக் கப்பல் கரைக்கு ஓடியாக வேண்டுமா? இது வந்து நின்றால் எதிரே இருப்பவர் போர் மூண்டுவிட்டதாக நினைப்பாரா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அது நடுத்தரக் காவற்கப்பல்.

முதல் கேள்வியில் சிறு ரோந்துப் படகு தோற்றுவிடும். அது வேகமானது, துறைமுக வாயிலில் அதற்கு நிகரில்லை. ஆனால் எண்ணெயும் குடிநீரும் சில நாளைக்குத்தான் வரும். அதற்கு முன்பே அலையடித்து ஆட்கள் துவண்டுபோவார்கள். இரண்டாவது கேள்வியில் போர்க்கப்பல் தோற்றுவிடும். ஏவுகணை சுமந்த கப்பல் மீன்பிடிப் படகின் பக்கத்தில் வந்து நிற்பதே ஒரு மிரட்டல். மிரட்டியபின் இறங்கிவர அதற்கு வழி கிடையாது.

இந்த இலக்கணத்துக்கு ஐஸ்லாந்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1970களில் அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 2.2 லட்சம். ராணுவமும் இல்லை, கடற்படையும் இல்லை. ஏற்றுமதியில் பெரும்பகுதி மீன். அந்த மீனை அள்ளிக்கொண்டு போனவை பிரிட்டனின் ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களிலிருந்து வந்த இழுவைப்படகுகள். ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1952இல் 4 கடல் மைல், 1958இல் 12, 1972இல் 50, 1975இல் 200 என்று படிப்படியாக வெளியே தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் மறுத்தது. அந்த எல்லையைக் காக்க இருந்தவை ஐகிர், ஓதின், தோர், டீர் என்று நார்ஸ் புராணப் பெயர் தாங்கிய சில கப்பல்கள். ஐகிர் 1968இல் டென்மார்க்கில் கட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 70 மீட்டர், பனிக்கடலுக்கென்று வலுவேற்றிய உடல், முன்தளத்தில் பழங்காலத்துச் சிறு பீரங்கி ஒன்று.

அந்தப் பீரங்கியைவிட அதிக வேலை செய்தது பின்தளத்தில் கிடந்த ஓர் இரும்புக் கருவி. காவற்படையின் இயக்குநர் பியெதுர் சிகுர்த்சனின் யோசனையில் உருவானது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியைப் போல நாலு பக்கமும் கொக்கி விரிந்தது. கொக்கிகளின் உட்பக்கத்தில் வெட்டும் அலகு. இழுவைப்படகு தன் மடிவலையை இரண்டு எஃகுக் கம்பிவடங்களில் இழுத்துக்கொண்டு போகும். மடியின் வாயைப் பக்கத்துக்கொரு பலகை விரித்துப் பிடித்திருக்கும். காவற்கப்பல் இந்தக் கருவியை நீண்ட வடத்தில் கட்டி நீருக்குள் இறக்கிவிட்டு, படகின் பின்புறம் குறுக்காகக் கடக்கும். கம்பிவடம் கொக்கிக்குள் சறுக்கி அலகில் மாட்டும். ஒரு வடம் அறுந்தாலே மடியின் வாய் மூடிவிடும், அன்றைய பாடு வீண். இரண்டும் அறுந்தால் விலையுயர்ந்த மடியும் அதிலிருந்த மீனும் கடலடிக்குப் போய்விடும்.

1972 செப்டம்பர் 5ஆம் தேதி காலை இந்தக் கருவி முதல்முறையாகக் கடலில் இறங்கியது. பேரும் எண்ணும் மறைத்த ஓர் இழுவைப்படகை ஐகிர் கண்டது. யாரென்று கேட்டதற்கு வானொலியில் ‘ரூல், பிரிட்டானியா’ பாட்டைப் போட்டார்கள். ஐகிர் நெருங்கியதும் அதன் சுழலியில் சிக்கட்டும் என்று தடித்த நைலான் கயிற்றைக் கடலில் எறிந்தார்கள். கப்பல் கயிற்றைத் தாண்டிப் போய்த் திரும்பியது, கம்பிவடம் அறுந்தது. அதன்பின் படகிலிருந்து நிலக்கரி பறந்து வந்தது, குப்பை வந்தது, ஒரு கோடரியும் வந்தது. அன்று படகு மூழ்கவில்லை, யார் உயிரும் போகவில்லை. ஆனால் சட்டம் அமலாகிவிட்டது. இந்த அளவான கண்டிப்பைத்தான் நடுத்தரக் கப்பலின் உச்சத் திறமை என்று நான் சொல்வேன்.

பிரிட்டன் 1973 மே மாதம் ராயல் நேவியின் ஃபிரிகேட்டுகளை அனுப்பியது. நீர்மூழ்கிகளைத் துரத்துவதற்காக, வேகத்துக்கென்று மெல்லிய தகட்டில் கட்டிய கப்பல்கள் அவை. எதிரே நிற்பது சக நேட்டோ நாடு, ஆகவே ஆயுதத்தைத் தொட முடியாது. மிச்சம் இருந்தது முட்டுவதும் இடிப்பதும்தான். அதில் இரு தரப்பும் அடிபட்டன. இதை வீரக் கதையாகச் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. 1973 ஆகஸ்டில் மோதலில் சேதமான ஐகிரின் உடலில் வெல்டிங் செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், உள்ளே கடல்நீர் புகுந்து மின்சாரம் தாக்கி இறந்தார். 1976 மே 6ஆம் தேதி ஃபால்மத் என்ற ஃபிரிகேட் இடித்ததில் டீர் கிட்டத்தட்டக் கவிழ்ந்தே போயிருக்கும். அதே ஆண்டு ஜூன் 1இல் ஆஸ்லோவில் உடன்பாடு கையெழுத்தானது. 200 மைலுக்குள் பிரிட்டிஷ் படகுகள் நாளொன்றுக்குச் சராசரியாக 24 மட்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும்.

ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்கில் இருந்த அமெரிக்கத் தளம் மூடப்படலாம் என்ற அச்சமே பேச்சுவார்த்தையை முடித்துவைத்தது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை ஒவ்வொரு நாள் மீன்பிடிப்பையும் பிரிட்டனுக்குச் செலவுள்ளதாக்கி, அதேசமயம் மோதலைப் போராக முற்றவும் விடாமல் கடலில் நின்றவை அந்தச் சில கப்பல்கள். 1977 ஜனவரி 1 முதல் பிரிட்டனும் தனக்கு 200 மைல் மீன்பிடி எல்லையை வைத்துக்கொண்டது.

இந்தியாவும் அதே காலத்தில்தான் வந்து சேர்ந்தது. 1976இல் கடல் மண்டலச் சட்டம் 200 மைலைப் பொருளாதார மண்டலமாக்கியது. 1977 பிப்ரவரி 1இல் கடலோரக் காவற்படை தற்காலிக அமைப்பாகப் பிறந்தது. கையிலிருந்தவை கடற்படை கொடுத்த இரண்டு பழைய ஃபிரிகேட்டுகளும் ஐந்து ரோந்துப் படகுகளும். 1983இல் மும்பை மசகான் கப்பல்கட்டும் தளத்திலிருந்து முதல் விக்ரம் வந்தது. நீளம் சுமார் 74 மீட்டர், ஐஸ்லாந்தின் டீரை ஒட்டிய அளவு. அதே பேரில் வந்த புது விக்ரம் வகையைச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கட்டினார்கள். 2015இல் ஒப்பந்தம், 2018இலிருந்து 2021க்குள் ஏழு கப்பல்கள். 98 மீட்டர் நீளம், 26 நாட் வேகம், 5,000 கடல் மைல் எட்டும் எண்ணெய், ஹெலிகாப்டர் இறங்கும் தளம்.

இவை செய்யும் வேலையில் பாதி செய்தியாவதில்லை. 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ என்ற ராட்சத எண்ணெய்க்கப்பல் எரிந்தது. உள்ளே சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெய். இலங்கைக் கடற்படையோடு சேர்ந்து சௌர்யா, சாரங் போன்ற இந்தியக் காவற்கப்பல்கள் நாள்கணக்கில் நுரையும் நீரும் அடித்தன. எண்ணெய்த் தொட்டிகளைத் தீ எட்டவில்லை. எட்டியிருந்தால் மட்டக்களப்பிலிருந்து நம் கரைவரை எத்தனை குடும்பங்களின் தொழில் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பாக் விரிகுடா இந்தக் கப்பல்களின் இடமல்ல. அங்கே ஆழம் குறைவு. மண்டபத்தில் காவற்படை ஹோவர்கிராஃப்ட் வைத்திருப்பது அதனால்தான். அங்குள்ள மீன்பிடிச் சண்டையும் வேறு மாதிரி. இழுவை மடியில் வலையை இழக்கும் யாழ்ப்பாணத்தாரும், படகைப் பறிகொடுத்துச் சிறையில் கிடக்கும் ராமேஸ்வரத்தாரும் ஒரே மொழி பேசுகிறவர்கள். கப்பலை அனுப்பி அதைத் தீர்க்க முடியாது.

தமிழருக்கு நடுத்தரக் கப்பல் தேவைப்படும் கடல் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கல் போகிறவர்கள், லட்சத்தீவையும் தாண்டுகிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவர்களில் பலர் திரும்பவில்லை. குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தன. இன்னும் தள்ளிப் போய்த் தேடுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. காட்டுப்பள்ளியில் கட்டியவற்றைப் போன்ற கப்பல்களில் இரண்டையாவது, அக்டோபர் தொடங்கி டிசம்பர்வரை புயல் வரும் முன்பே குமரிக்கு மேற்கே நிறுத்திவைக்க வேண்டும். தேடும்போது கப்பலின் கட்டுப்பாட்டுத் தளத்தில் தூத்தூர்க்காரர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். எந்தக் காற்றில் என்ஜின் நின்ற படகு எந்தப் பக்கம் ஒதுங்கும், பக்கத்து ஊர்ப் படகுகள் அந்த மாதத்தில் எங்கே தூண்டில் போட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.