பீரோ அதிரா வண்ணம்: மீஞ்சூரில் பயிற்சி ஆம்ப் தெரிதல் குறித்து ஓர் ஆய்வு

நூல் செய்வோர் முதற்கண் பாயிரம் கூறல் வேண்டும் என்பர். இந்நூலின் பாயிரம் இவ்வளவே: என் அக்கா மகன் பேஸ் கிட்டார் வாங்கிவிட்டான். அது தானாகச் சத்தம் போடாது.

அவன் ஏன் அதை வாங்கினான் என்பதும் ஆய்வுக்குரியதே. அவன் போகிற சபையில் கிட்டார் பிடிக்க ஆள் நிறைய. கீபோர்டுக்குப் பாஸ்டர் மகள். டிரம்ஸ் பேடுக்கு இரண்டு பேர் சண்டை. காலியாக இருந்த ஒரே பணியிடம் பேஸ். உலகத்துப் பேஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் இவ்வாறு காலிப் பணியிடத்தில் நியமனம் பெற்றவர்களே என்பது எம் கருதுகோள். அதை நிறுவும் பொறுப்பை வருங்கால முனைவர் பட்ட மாணவர்க்கு விட்டு மேலே செல்வாம்.

ஆய்வுக் களம்

மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் நந்தியம்பாக்கத்துக்கும் அனுப்பம்பட்டுக்கும் நடுவே உள்ளது. ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஓரூரில் கோயில் கொண்டதால் இதனை வட காஞ்சி என்பாரும் உளர். இந்தத் தகவலுக்கும் பேஸ் ஆம்ப்புக்கும் தொடர்பில்லை. களம் என்றால் தலவரலாறு வேண்டும் என்பதால் சேர்த்தோம்.

தொடர்புள்ளது பக்கத்து வல்லூர் அனல் மின் நிலையம். 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், ஆக 1,500 மெகாவாட். தொடக்கநிலைப் பயிற்சி ஆம்ப் ஒன்றின் திறன் 15 வாட். வகுத்தால், வல்லூர் ஒன்றே பத்துக் கோடி ஆம்ப்களை ஓட்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடிதான், ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிச்சம். (15 வாட் என்பது ஸ்பீக்கருக்குப் போவது, சுவரிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம் என்று மின்வாரியத்து நண்பர் ஆட்சேபித்தார். ஆட்சேபம் நியாயமே. ஆனால் வகுத்தல் மீதியில்லாமல் வந்துவிட்டதால் அதைக் கலைக்க மனம் வரவில்லை.)

மின்சாரத்தால் வேறொரு பயனும் உண்டு. நம் நாட்டுக் கரண்ட் நொடிக்கு 50 முறை அதிர்வது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் முனகும். பேஸ் கிட்டாரின் தந்திகளோ ஈ, ஏ, டி, ஜி என நான்கு. அவற்றுள் தடித்த ஈ 41.2 ஹெர்ட்ஸ், மெல்லிய ஜி 98. ஆகவே எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் ஜி தந்திக்கு அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மேலே நின்றுகொண்டு, இரவு பகலாக, கட்டணமின்றிச் சுருதி போடுகிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்தொகுப்பை மற்ற மாநிலங்களோடு ஒரே அதிர்வில் இணைத்துவிட்டதால் டெல்லியிலும் இதே சுருதிதான். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அது பி-ஃபிளாட்டுக்கும் பி-க்கும் இடையில் தொங்கும், பாட்டுக்கு உதவாது. எர்த் சரியில்லாத வீட்டில் இந்தச் சுருதி ஆம்ப் வழியாகவும் ஒலிக்கும். தந்தியில் கை வைக்கும்போது சுருக்கென்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுக, ஆம்ப் அப்புறம். இந்த வாக்கியத்தில் மட்டும் வேடிக்கை இல்லை.

முன்னோர் கூற்று

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்ற கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் இந்த வேலையை ஆளுயர டபுள் பேஸ் செய்துகொண்டிருந்தது. அதைத் தூக்க ஆளும், ஏற்ற வண்டியும் வேண்டும். 1952-இல் அவரே பேஸ்மேன் என்ற ஆம்ப்பையும் கொண்டுவந்தார். பேஸ்காரர்களுக்காகச் செய்த அதைக் கிட்டார்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். பின்னாளில் இங்கிலாந்தில் ஜிம் மார்ஷல் கடையில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப்பும் அதைப் பார்த்துச் செய்ததே. பேஸுக்கென்று வாங்கியதை இன்னொருவன் தூக்கிக்கொண்டு போவது தொன்றுதொட்ட வழக்கம் என்பது இதனால் பெறப்படும்.

தமிழில், பேஸ் கிட்டாரைத் தாளத்துக்குத் துணையாக நிறுத்தாமல் அதற்கென்று ஒரு பாட்டையே எழுதிக் கொடுத்தவர் இளையராஜா. ஆயின் ஓர் இடர்ப்பாடு. 1980-களில் அப்பாடல்களைக் கல்யாண வீட்டு வாசலில், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டவர்கள் நாம். குழாய் ஸ்பீக்கர் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அதாவது ஒரு தலைமுறை முழுக்க, பேஸைக் கேட்காமலே அந்தப் பாடல்களை மனப்பாடம் செய்தது. "அப்படியென்றால் அடியில் ஏதோ ஓடுவது போல இருந்ததே?" எனின், ஒரு தந்தி அதிரும்போது அதன் இரட்டிப்பு, மும்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே வரும், மேலே உள்ளவை கேட்டால், கேட்காத அடிச்சுரத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும் என்க. சின்ன ஆம்ப்களின் வியாபாரமே மூளையின் இந்தத் தாராள குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

கட்சிகளும் மறுப்பும்

வீட்டில் கூடிய அவையில் முதற்கட்சி அக்கா வீட்டுக்காரருடையது. "எதுக்குப்பா தனியா ஒண்ணு? நம்ம ஹோம் தியேட்டர்லயே சொருவச் சொல்லு. அதான் வூஃபர் இருக்குதே." துறைமுகத்தில் கன்டெய்னர் பார்த்தவருக்கு ஆம்ப் சின்னப் பெட்டியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. மறுப்பு: பேஸ் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வருவது மிக மெலிந்த சைகை. அதை முதலில் தூக்கிவிட ஒரு முன்பெருக்கி தேவை. ஹோம் தியேட்டரின் பின்புறத் துளைகள் செல்போனையும் டி.வி.யையும் எதிர்பார்த்துச் செய்தவை. சொருகினால் வரும். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல வரும்.

இரண்டாம் கட்சி, ரிச்சி தெருவில் ஒரு 4440 போர்டு வாங்கி நாமே பெட்டி அடிப்பது. இக்கட்சியை முன்வைத்தவன் யான். தமிழ்நாட்டில் ஆட்டோ முதல் டீக்கடை வரை பாட்டுப் பாட வைத்த ஐ.சி. அது; இரண்டு பக்கத்தையும் பிரிட்ஜ் போட்டுச் சேர்த்தால் 19 வாட் தரும், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலும் ஓடும், கரண்ட் போனாலும் கச்சேரி நிற்காது. முன்பெருக்கிக்கு இன்னொரு போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினெட், வூஃபர், அலைச்சல் என்று கூட்டியபோது அக்கா, "உனக்கு வேல இல்லன்றது ஊருக்கே தெரியும், அதுக்குப் பொட்டி வேற அடிக்கணுமா?" என்றாள். இதற்கு மறுமொழி எந்த நூலிலும் இல்லை.

மூன்றாம் கட்சி, சபையில் சும்மா கிடக்கும் பழைய கிட்டார் ஆம்ப். இது ஆபத்தான கட்சி. தொடக்கக்காரர்கள் பலர் இதில்தான் விழுகிறார்கள். கிட்டாரின் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸ், பேஸின் தடித்த தந்தி அதில் சரிபாதி. ஒரே அளவு சத்தத்துக்கு, சுரம் ஒரு ஸ்தாயி இறங்கினால் ஸ்பீக்கரின் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் அவ்வளவு தூரம் போய்வரப் பழகியதில்லை. அதன் பெட்டியும் பெரும்பாலும் பின்பக்கம் திறந்தது. மெதுவாக வாசித்தால் பொறுத்துக்கொள்ளும். உற்சாகத்தில் திருகினால் கோன் கிழியும். சபைச் சொத்து கிழிந்தால் அதற்குரிய கூட்டம் தனி.

ஆக, பேஸுக்கென்றே செய்த பயிற்சி ஆம்ப் ஒன்றே சித்தாந்தம். இதில் மக்கள் முதலில் கேட்பது வாட். வாட்டை இரட்டித்தால், அதாவது 15-ஐ 30 ஆக்கினால், கூடுவது 3 டெசிபல். ஊன்றிக் கேட்பவனுக்கே புலப்படும் வேறுபாடு. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற, வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆகவே வீட்டில் வாசிப்பவன் 15-க்கும் 25-க்கும் இடையே தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் அகலம். எட்டு அங்குலத்துக்குக் கீழே போனால் ஈ தந்தி தட்டும் ஓசையாகவே எஞ்சும். ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்ச் கிரஷ் பேஸ் 25, ஆம்பெக் ஆர்.பி.108 ஆகிய மூன்றும் எட்டு அங்குலமே. ஹெட்போன் ஜாக்கும், செல்போனில் பாட்டைப் போட்டுக் கூடவே வாசிக்க ஆக்ஸும் உண்டு. புதிதாக வாங்கினால் விலை ஐந்திலக்கம், பையன் வாங்கிய பேஸைவிட அதிகம். தீப்பெட்டி அளவில் கிட்டாரிலேயே சொருகிக்கொள்ளும் வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் என்ற ஹெட்போன் ஆம்ப்பும் உண்டு. அது போதும் என்பது எம் சொந்தக் கருத்து, ஆனால் ஊருக்குக் கேட்காத இசையில் பதினேழு வயதுக்கு என்ன சுகம்?

பழையது வாங்குவோர்க்கு ஒரு விதி. நம் பகுதிக் காற்றில் உப்பு இருக்கிறது. நிலத்தடி நீரிலேயே கடல் ஏறி வந்துவிட்ட ஊர் இது. குமிழைத் திருகும்போது கரகர என்றால் பயப்பட வேண்டாம், கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் போகும். பயப்பட வேண்டியது வேறு. முன்வலையைக் கழற்றி, இரண்டு பக்கமும் விரல் நுனி வைத்துக் கோனை மெல்ல உள்ளே அழுத்துக. சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. சர்ரென்று மணல் உரசுவது போல இருந்தால் காயில் போய்விட்டது. பேரம் பேசாமல் எழுந்து வருக. புதியதைத் தொட்டுப் பார்க்க விரும்புவோர், அண்ணா சாலையில் உள்ள, 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற கடைக்குத் தம் சொந்த பேஸை எடுத்துச் செல்க. கடைக்காரரின் விலை உயர்ந்த பேஸில் எந்த ஆம்ப்பும் நன்றாகவே பாடும்.

பீரோவியல்

இனி இவ்வாய்வின் உயிர்நிலை. ஆம்ப் பற்றி எழுதியோர் அனைவரும் வாசிப்பவன் காதைப் பற்றியே எழுதினர். மீஞ்சூரில் ஆம்ப்பைத் தேர்வது வாசிப்பவன் காதன்று, மாடி வீட்டு ஆயாவின் பீரோ.

சபை நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கிய 25 வாட் ஆம்ப்பை வைத்துச் சோதனை நடந்தது. பையன் குமிழைப் பாதி திருகி, "சவுண்டே வரல மாமா" என்றான். அதே நேரம் ஆயா படியிறங்கி வந்து வாசலில் நின்றார். "தம்பி, உங்க அக்கா புள்ள இன்னா வாசிக்கிறான்னு எனக்குப் புரியல. ஆனா எம் பீரோ நல்லா வாசிக்குது."

இரண்டு வாக்குமூலமும் உண்மை. குறைந்த சத்தத்தில் மனிதக் காது தாழ்சுரத்துக்கு மந்தமாகிவிடும் என்று ஃபிளெச்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டினர்; அதனால்தான் தொடக்கக்காரன் கை தானாகக் குமிழுக்குப் போகிறது. அறையும் சதி செய்கிறது. ஈ தந்தியின் ஓர் அலை ஏறக்குறைய 27 அடி நீளம். எங்கள் அக்கா வீட்டு அறை பத்தரை அடி. பத்தரை அடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களிடையே தேங்கி நிற்கும் முதல் அதிர்வு 55 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது திறந்த ஏ தந்தி. தேங்கிய அலை சுவரோரம் பலத்திருக்கும், நட்டநடுவில் இல்லாமற் போகும். நடுவில் நாற்காலி போட்டு வாசித்தவனுக்கு ஏ கேட்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த அக்காவுக்கு முதுகில் கேட்டது. சுவரும் உயர்சுரத்தைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்சுரத்தைத் தடுக்காது என்பதால், பாட்டு கீழே நின்றுவிட, பேஸ் மட்டும் மாடியேறியது.

சட்டத்தில் வழி உண்டா எனத் தேடினோம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. (ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், சட்டம் 55 டெசிபல், இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் இத்தகைய ஒற்றுமையைச் சுட்டாமல் விடுவது ஆய்வு மரபன்று.) ஆனால் அளவுமானி காதைப் போலவே தாழ்சுரத்தைத் தள்ளுபடி செய்து அளக்கும்; 40 ஹெர்ட்ஸ் பக்கம் அது கழித்துவிடுவது ஏறத்தாழ 35 டெசிபல். எனவே சட்டத்தின் காதில் எங்கள் பையனின் அடிச்சுரம் அநேகமாக விழவே விழாது. இவ்வாதத்தை ஆயாவிடம் எடுத்துரைத்தோம். "சட்டத்துக்குக் கேக்கலன்னா சட்டத்த வந்து எங்கூட்ல படுக்கச் சொல்லு" என்றார்.

பின் ஆயா வீட்டிலேயே கள ஆய்வு. கீழே பையன் ஒவ்வொரு தந்தியாக வாசிக்க, மேலே யான் காது வைத்தேன். ஈ: ஒன்றுமில்லை. ஏ: பீரோவின் இடக்கதவு தாழ்ப்பாளில் டடடட. டி: ஜன்னல் கண்ணாடி, லேசாக. ஜி: எவர்சில்வர் தட்டு அடுக்கில் மேலிருந்த ஒரு தட்டு மட்டும். ஆம்ப்பைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, அடியில் பழைய கோரைப்பாயை மடித்துப் போட்டு, பேஸ் குமிழைக் குறைத்து மிட் குமிழைக் கூட்டியதும் தட்டும் கண்ணாடியும் அடங்கின. பையனுக்கும் இப்போதுதான் சுரம் தெளிவாகக் கேட்டது. ஏ மட்டும் அடங்கவில்லை.

சீட்டுப் பணத்தில் செகண்ட் ஹாண்டாக 25 வாட், எட்டு அங்குலம் ஒன்று வாங்கியாயிற்று. ஆயாவோடு செய்த ஒப்பந்தம்: சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு வரை ஸ்பீக்கர், சீரியல் நேரத்தில் ஹெட்போன், ஞாயிறு மதியம் இரண்டும் கிடையாது, தூக்கம். பீரோவின் இடக்கதவு இடுக்கில் சைக்கிள் டியூப் துண்டொன்றை வெட்டிச் செருகினோம். பஞ்சர் கடைக்காரர் டியூபுக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் கதவு இப்போது இறுகிவிட்டது. ஆயா புடவை எடுக்க வேண்டும் என்றால் பையன் மாடிக்குப் போய் இழுத்துத் திறந்துவிட வேண்டும். ஆம்ப்பின் விலையைக் கணக்கிடுவோர் இதையும் சேர்த்துக்கொள்க.